எனக்கு வலிக்கலையே, அக்கா

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

 

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. பத்தாவது வரைக்கும் படித்தேன். குழுவில் தீர்மான நோட்டு எழுதுவேன், பேங்குக்குப் போய் வருவேன், அவ்வளவுதான். செயலாளர் அக்கா, "கடன் வாங்கி முன்னுக்கு வந்த கதையை ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க"ன்னு சொன்னாங்க. ஆடு வாங்கினவங்க, தையல் மிஷின் வாங்கினவங்க எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் வாங்கி, அதற்காகச் செலவு பண்ணாமலே திருப்பிக் கட்டின ஒரு கடனைப் பற்றிச் சொல்கிறேன். 12 வருடம் முன்னால் வாங்கியது. ரூபாய் 15,000. நோட்டில் காரணம் 'மருத்துவச் செலவு' என்று இருக்கும். எழுதினதும் நான்தான்.

எங்கள் வீட்டில் நான் மூத்தவள். அடுத்து ஒரு தம்பி. அவனுக்கும் பிறகு, எனக்கு 9 வயது இருக்கும்போது பிறந்தவள் தங்கச்சி. அவளுக்கு அறிவு வளர்ச்சி குறைவு. ஊரில் அந்த மாதிரிப் பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த வார்த்தையை நான் இங்கே சொல்லவில்லை. அவள் பெயரையும் சொல்லவில்லை. "உன்னைப் பத்திப் பேசட்டுமா"ன்னு கேட்டேன், "பேசு"ன்னா. ஆனால் இத்தனை பேர் முன்னால் பேசுவேன், மலரிலும் போடுவார்கள் என்பது அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்கே உறுதியில்லை. அதனால் பெயரை விட்டுவிட்டேன்.

அவள் வீட்டுப் பிரசவம். அம்மாவுக்கு இரண்டு நாள் வலி. பிள்ளை வெளியே வந்து அழவில்லை, உடம்பெல்லாம் நீலம் பாரித்திருந்தது. முதுகில் தட்டி, தண்ணீர் தெளித்து, ரொம்ப நேரம் கழித்துத்தான் அழுதாள். நான் கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் இதுதான் முக்கியம் என்று தெரிந்தது. அப்போது ஊரில் சொன்னது வேறு. அம்மா கிரகணத்தில் வெளியே போனாள் என்றார்கள். அப்பா வழியில் சாபம் என்றார்கள். எனக்குக் கல்யாணம் பேசும்போது அதுவே "அந்த வீட்டு ரத்தத்துல இருக்கு" என்று ஆகிவிட்டது. பார்த்துவிட்டுப் போன இரண்டு இடம் அந்தக் காரணத்தாலேயே திரும்பி வரவில்லை. மூன்றாவது இடம்தான் என் வீட்டுக்காரர். பெண் பார்க்க வந்த அன்று தங்கச்சியைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்து, கையில் முறுக்கைக் கொடுத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டோம். போட்டவள் நான்.

அவள் 13 வயதில் பெரிய மனுஷி ஆனாள். அதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போச்சு. துணி வைத்தால் எடுத்து எறிந்துவிடுவாள். கறையோடு தெருவில் நிற்பாள். அம்மா 100 நாள் வேலைக்குப் போனால் வீட்டில் அவளைப் பார்க்க ஆளில்லை. இதெல்லாம் நிஜமான கஷ்டம். அனுபவிக்காதவர்கள் யாரும் அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம்.

அவளுக்கு 15 வயது ஆனபோது சொந்தக்காரர் ஒருவர் வழி சொன்னார். "கர்ப்பப்பையை எடுத்துடுங்க. மூணு கவலை ஒரே நாள்ல தீரும்." மாத விலக்குத் தொல்லை இல்லை, அது ஒன்று. யாராவது கெடுத்துவிட்டால் பிள்ளை தங்காது, அது இரண்டு. மூன்றாவதைக் குரலைத் தணித்துச் சொன்னார்: "அப்படியே ஒண்ணு பெத்தாலும், அதுவும் இவ மாதிரிதானே பொறக்கும். இந்த வம்சத்துக்கு எதுக்கு இன்னொண்ணு?" எனக்கு அந்த மூன்றாவதுதான் மனசில் ஒட்டியது. என் பையனுக்கு அப்போது 3 வயது. நாளைக்கு அவனுக்கும் பெண் பார்க்கப் போவார்களே, அப்போதும் இந்தப் பேச்சு வருமே என்று நினைத்தேன். தங்கச்சி நல்லதுக்கு என்று வாயால் சொன்னேன். உள்ளே என் குடும்பத்துப் பெயருக்காகத்தான் தலையாட்டினேன்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பேசி முடித்தோம். பணம் குறைந்தது. குழுவில் உள்கடன் கேட்டேன். 12 பேர் உட்கார்ந்திருந்தோம். விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் "பாவம், நல்ல முடிவுதான்" என்றார்கள். எங்கள் குழுவில் கைநாட்டு வைக்கிற பெரியம்மா ஒருத்தர் இருந்தார், இப்போது இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "ஏன்டி, கர்ப்பப்பையை எடுத்துட்டா கெடுக்க வர்றவன் வராம இருப்பானா? புள்ள தங்காதுன்னு தெரிஞ்சா இன்னும் தைரியமாத்தானே வருவான்?"

ஒருத்தரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு, குடும்ப விஷயம், நாம் தலையிடக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். கடன் பாஸ் ஆனது. பெரியம்மாவும் கைநாட்டு வைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். தங்கச்சியிடம் வளையல் வாங்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தோம். கட்டிலில் படுக்க வைத்ததும் "எனக்கு என்ன"ன்னு கேட்டா. "உனக்கு வயித்து வலி, ஊசி போட்டா சரியாயிடும்"னேன். அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கு வலிக்கலையே, அக்கா" என்றாள். சம்மதப் பேப்பரில் அம்மாதான் கையெழுத்துப் போட்டார். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த இடத்தில் எனக்கு மனம் மாறியது, பேப்பரைக் கிழித்துப் போட்டேன் என்று சொன்னால் நீங்கள் கை தட்டுவீர்கள். அப்படி நடக்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ரத்தம் 7 புள்ளிதான் இருந்தது. ஏற்றிவிட்டு வாருங்கள், மாத்திரை சாப்பிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ரத்தம் குறைவாக இருந்ததால் என் தங்கச்சி தப்பித்தாள். அதில் என் பெருமை ஒன்றுமில்லை.

சத்து மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனோம். அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா, "எதுக்கு ஆபரேஷன்?" என்று உட்கார வைத்துக் கேட்டார். நான் அந்த மூன்று காரணத்தையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. 15 வயதுப் பிள்ளைக்கு, நோய் ஒன்றும் இல்லாமல், பெரிய ஆபரேஷன் தேவையா என்று கேட்டார். சில இடத்தில் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள், அப்படி எடுத்தால் சின்ன வயதிலேயே எலும்பு தேய ஆரம்பிக்கும் என்றார். உதிரப்போக்கு அதிகம் என்றால் மாத்திரை இருக்கிறது, தைராய்டு பார்க்க வேண்டும் என்றார். பிறகு பிரசவத்தைப் பற்றிக் கேட்டார். நான் கதவு இடுக்கில் பார்த்ததைச் சொன்னேன். "பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்குக் காற்று போகாமல் வந்த பாதிப்பு மாதிரி இருக்கு. அது ரத்தத்துல இறங்காதும்மா. இவ பெத்தா அந்தப் பிள்ளைக்கு இது வரணும்னு ஒண்ணும் இல்லை" என்றார்.

என் கல்யாணத்தில் இரண்டு இடம் திரும்பிப் போனதும், முறுக்கைக் கொடுத்துத் தாழ்ப்பாள் போட்டதும் ஒரு நிமிஷத்தில் நினைவுக்கு வந்தது. 15 வருஷமாக ஊரே சொன்ன 'ரத்தம்' என்ற சொல்லுக்கு ஒரு ஆதாரமும் இல்லை.

பரம்பரையாக வருகிற குறைபாடும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதைப் பற்றியும் டாக்டரம்மா ஒரு கணக்குச் சொன்னார். அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிகிற நோய்கள் இருக்கின்றன. அந்த மாதிரி ஒரு நோய் 10,000 பேரில் ஒருவருக்கு இருந்தால், வெளியே தெரியாமல் அதைச் சுமக்கிறவர்கள் ஏறத்தாழ 200 பேர் இருப்பார்களாம். நோய் உள்ள அந்த ஒருவரைப் பெறாமல் தடுத்து என்ன ஆகப்போகிறது? அந்த 200 பேரில் நீங்களும் இருக்கலாம், நானும் இருக்கலாம், எங்களுக்கு வழி சொன்ன சொந்தக்காரரும் இருக்கலாம். நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது அந்த இரண்டு பேர் சந்திக்கிற வாய்ப்பு கூடும். அதனால் மாமன் மகள், அத்தை மகன் கட்டுவதை யோசித்துச் செய்யுங்கள் என்றார். இதைக் கேட்டுக் கூட்டத்தில் சில பேர் முகம் சுளிப்பது தெரிகிறது. நான் சொல்லவில்லை, டாக்டரம்மா சொன்னார்!

இந்தப் பேச்சுக்காக என் நாத்தனார் மகளிடம் கேட்டேன். அவள் மதுரையில் சட்டம் படிக்கிறாள். நம் சொந்தக்காரர் சொன்ன மூன்றாவது காரணத்துக்கு உலகத்தில் ஒரு பெயரே இருக்கிறது அத்தை என்றாள். யூஜெனிக்ஸ். 1883இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்பவர் வைத்த பெயர். 'நல்ல பிறப்பு' என்று அர்த்தமாம். நல்ல ஜனங்கள் நிறையப் பெற வேண்டும், மற்றவர்கள் பெறாமல் இருக்க வேண்டும், அப்படிச் செய்தால் மனித இனம் மேலே வரும் என்று படித்தவர்கள், டாக்டர்கள், நீதிபதிகள் எல்லாம் நம்பினார்களாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாமும் ஆட்டுக்கு நல்ல கிடாயாகப் பார்த்துத்தானே விடுகிறோம்? விதைக்கு நல்ல நெல்லாகப் பொறுக்குகிறோமே? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு யோசித்தேன். ஆட்டுக்கு நாம் கிடாய் பார்ப்பது ஆட்டின் நன்மைக்கா? நமக்குக் கறி எடை கூட வேண்டும். பால் நிறையக் கறக்கும் என்று கடன் வாங்கிச் சீமை மாடு கட்டினவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பால் கறந்தது, சரி. சித்திரை வெயிலில் அது நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றதையும் பார்த்தோம். ஒன்றைப் பார்த்துப் பொறுக்கினால் இன்னொன்று கைவிட்டுப் போகிறது. அதை விடுங்கள். மாட்டுக்கு ஒரு முதலாளி உண்டு, அவன் பொறுக்குகிறான். மனுஷருக்குள்ளே யார் முதலாளி, யார் மாடு?

அமெரிக்காவில் நடந்ததை அவள் சொன்னாள். வர்ஜீனியா என்ற மாநிலத்தில் கேரி பக் என்று ஒரு பெண். ஏழை. தாயிடமிருந்து பிரித்து வேறு வீட்டில் வளர்த்தார்கள், அங்கே வீட்டு வேலையும் செய்தாள். 17 வயதில் அந்த வீட்டுக்காரர்களின் சொந்தக்காரன் ஒருத்தன் கெடுத்துக் கர்ப்பமாகிவிட்டாள். வீட்டுக்காரர்கள் கெட்ட பெயருக்குப் பயந்து, இவள் புத்தி குறைந்தவள் என்று எழுதி, அந்த மாதிரி ஆட்களை அடைத்து வைக்கும் இல்லத்தில் தள்ளினார்கள். இவள் அம்மாவும் முன்பே அங்கேதான் இருந்தாள். பிறந்த பெண் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, அதைப் பார்த்து 'பார்வையே சரியில்லை' என்று ஒரு அம்மா சாட்சி சொன்னாள். பாட்டி, தாய், பேத்தி மூன்று தலைமுறையும் இப்படி, ஆகவே இவளுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யலாம் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. 9 நீதிபதிகளில் 8 பேர் சரி என்றார்கள். அந்த அக்டோபர் மாதமே ஆபரேஷன் பண்ணிவிட்டார்கள்.

அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போனது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் பட்டியலில் அதன் பெயரும் வந்தது. 8 வயதில் நோய் வந்து இறந்துபோனது. கேரி பக்குக்கும் புத்திக் குறைவு ஒன்றும் இல்லை, 1983 வரைக்கும் உயிரோடு இருந்தாள், பேப்பர் படிப்பாளாம். அவள் தங்கச்சி டோரிஸ் கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவளுக்கும் அதே ஆபரேஷன் செய்தார்கள். ஆனால் அவளிடம் குடல்வால் ஆபரேஷன் என்று சொன்னார்கள். கல்யாணம் ஆகி, பிள்ளை இல்லையே என்று புருஷனும் பெண்டாட்டியும் ஏங்கி, 50 வருஷம் கழித்துக் கிழவியான பிறகுதான் அவளுக்கு உண்மை தெரிந்தது. நான் 'வயித்து வலி' என்று சொன்னேன். அவர்கள் 'குடல்வால்' என்று சொன்னார்கள்.

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியில் 1933இல் இதற்குச் சட்டமே போட்டு, ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கட்டாயமாகச் செய்தார்கள். காது கேளாதவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், குடிக்கு அடிமையானவர்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அந்தப் பட்டியலை நம் ஊரில் எடுத்தால் எந்தத் தெரு மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தேன். நம் நாட்டிலும் 1994இல் மகாராஷ்டிராவில், ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த அறிவு வளர்ச்சி குறைந்த பெண்களுக்குப் புனேயில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதுதான் காரணம். பெண்கள் சங்கங்கள் எதிர்த்துக் கேட்டன.

இங்கே ஒரு சந்தேகம் எனக்கே வந்தது. கேரி பக்குக்குக் குறைபாடே இல்லை, அதனால் அது அநியாயம் என்கிறோம். என் தங்கச்சிக்கு நிஜமாகவே உண்டே. அப்படியென்றால் அவளுக்குச் செய்வது சரியாகிவிடுமா? நாத்தனார் மகளிடம் இதைத்தான் கேட்டேன். அவள் 2009இல் நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த சண்டிகர் வழக்கைச் சொன்னாள். அரசு இல்லத்தில் இருந்த அநாதைப் பெண். அறிவு வளர்ச்சி குறைவுதான். அங்கேயே கெடுக்கப்பட்டுக் கர்ப்பமானாள். கலைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆனால் அந்தப் பெண் எனக்குக் குழந்தை வேண்டும் என்றாள். அவள் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. குறைபாடு அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும் என்ற பழைய நம்பிக்கை தவறு என்றும் அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். பிறகு 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பிள்ளை பெற முடியாமல் செய்கிற எந்தச் சிகிச்சையையும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லி, அவர்களே மனசாரச் சம்மதிக்காமல் செய்யக் கூடாது என்று அதில் 10ஆம் பிரிவு சொல்கிறது. என் தங்கச்சியைக் கூட்டிப் போனபோது இந்தச் சட்டம் இல்லை. இப்போது இருக்கிறது.

நானும் இரண்டு பிள்ளைக்கு அப்புறம் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள்தான். அதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. என்னிடம் கேட்டார்கள், நான் சரி என்றேன்.

மாத விலக்குக் கஷ்டம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்துக்கு வரும் சிறப்பு ஆசிரியை ஒருத்தர் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்தார். துணியில் சிவப்புச் சாயம் நனைத்து, பொம்மைக்கு உள்ளாடை போட்டு, காலண்டரில் வட்டம் போட்டு. முதல் மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா "இதுக்கு ஆபரேஷனே பண்ணியிருக்கலாம்"னு அழுதாங்க. ஆறாம் மாதம் அவளே நாப்கினை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். இன்னமும் சில மாதம் தவறும். அன்றைக்குத் துவைப்போம், அவ்வளவுதான்.

போன மாதம் பக்கத்து ஊர்க் குழு அக்கா ஒருத்தர் என்னிடம் கேட்டார். "நீ சொல்றதெல்லாம் சரி. உங்க அம்மா போனப்புறம் யார் பார்ப்பா?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் பார்ப்பேன் என்கிறேன், எனக்குப் பிறகு? ராத்திரியில் இது என்னையும் அரிக்கிறது. ஆனால் கர்ப்பப்பையை எடுத்திருந்தாலும் இந்தக் கேள்வி அப்படியேதான் இருந்திருக்கும். பெரியம்மா கேட்ட கேள்வியும்தான். அவளைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோமே, அதற்கு என்ன பண்ணினோம்?

அதற்கு எங்கள் குழுவில் ஒன்று செய்தோம். எங்கள் தெருவில் அவளைப் போல இன்னும் ஒரு பெண் இருக்கிறாள். அம்மாமார் வேலைக்குப் போகும் நாளில், வீட்டில் இருக்கிற உறுப்பினர் முறை வைத்து இருவரையும் தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக்கொள்கிறோம். எல்லா நாளும் சரியாக நடப்பதில்லை. அறுப்புக் காலத்தில் யாரும் கிடைப்பதில்லை. அதில் கூட்டமைப்பு உதவ முடியுமா என்று கேட்கத்தான் முக்கியமாக வந்தேன்.

இன்னொன்று, எங்கள் குழுவில் போட்ட தீர்மானம். வாசிக்கிறேன். "உறுப்பினர் வீட்டில் உள்ள மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்குக் கர்ப்பப்பை எடுக்கவோ கருத்தடை செய்யவோ கடன் கேட்டால், உறுப்பினர் இருவர் அந்தப் பெண்ணிடம் நேரில் பேசிய பிறகும், அரசு மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகும் மட்டுமே கடன் பற்றிப் பேசுவது. நோட்டில் 'மருத்துவச் செலவு' என்று மட்டும் எழுதாமல் என்ன சிகிச்சை என்று எழுதுவது." கட்டி, புற்றுநோய் போல நிஜமான நோய்க்கு இது தடை இல்லை. இதை எல்லா ஊர்க் குழுவிலும் போட முடியுமா என்று தலைவி அவர்கள் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த 15,000இல் பரிசோதனைக்கும் பஸ்ஸுக்கும் 3,000 போயிற்று. மீதி 12,000ஐ ஒரு மாத வட்டியோடு சேர்த்து அடுத்த கூட்டத்திலேயே கட்டினேன். பெரியம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, "வளையல் வாங்கிக் குடுத்தியாடி"ன்னு மட்டும் கேட்டார். அன்று சாயங்காலமே கூட்டிப் போய் வாங்கிக் கொடுத்தேன், சிவப்புக் கண்ணாடி வளையல், இரண்டு டஜன்.

அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் இலை போடுகிற வேலை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், நேரமாச்சு என்று அங்கிருந்து எனக்குக் கை காட்டுகிறாள்.